முதல் படமும் கடைசிப் படமும்

1949-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதியன்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே சில மாதங்களாக இருந்துவந்த சிறு கட்டி ஒன்றை ஆசிரமத்து வைத்தியர்கள் அறுத்து அகற்றினார்கள். எளிய ரண சிகிச்சைதான். புண்ணும் சில தினங்களில் ஆறிவிட்டது. ஆயினும் அதே இடத்தில் கட்டி மறுபடியும், முன்னினும் பெரிதாக, விரைவிலேயே எழுந்தது. மார்ச் 27-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த டாக்டர் ராகவாச்சாரி இரண்டாம் முறையாக அறுத்து, எடுத்த தசையைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே, அது ஸார்கோமா என்னும் அபூர்வமான புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடுவது உசிதமென்று வைத்தியர்கள் யோசனை கூறினார்கள். அதற்கு அவர் இசையவில்லை. ஆகஸ்ட் 7-ஆம் தேதி மூன்றாம் முறையும், டிசம்பர் 19-ஆம் தேதி நான்காம் முறையும் கத்தி பட்ட அந்தக் கை, ஒவ்வொரு முறையும் ஆறுவதுபோல் தோன்றி ஒவ்வொரு முறையும் கட்டியைத் திரும்ப வெளிக்காட்டிற்று. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 8.47 மணிக்கு அவர் சரீரத்தை விட்டார்.

மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில், மேற்குப் புறத்தே, ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும் மாணிக்கவாசகர் சந்நிதியும் உள்ள அடி அண்ணாமலையைக் கடந்து செல்லும் பக்தர்களில் பலர் இந்த விருத்தாந்தத்தை அறிவார்கள். ஆனால் அதை ஒரு ஞானியின் தேக அபிமானமின்மைக்குச் சான்றாகவே நாம் பேசிப் பழகிவிட்டோமேயன்றி, அதில் அடங்கியுள்ள வைத்திய உண்மையைக் கவனித்தோமில்லை. கண்ணுக்குத் தெரிந்த கட்டியை முழுவதும் எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள், கட்டியின் விளிம்பைத் தாண்டிச் சுற்றுத் தசையில் ஊடுருவி நின்றுவிட்டன. அவை பெருகியபோது நோய் மீண்டது. அது கையாக இருந்தமையால், தரிசனத்துக்கு வந்தவர்கள் எல்லோருமே நோயின் மீட்சியை நேருக்கு நேர் பார்த்தார்கள். இதே மீட்சி ஒருவருடைய நெஞ்சுக்குள்ளே, சுவாசகோசத்தின் நடுவே, வலியும் வீக்கமும் இன்றி, வருஷக் கணக்கில் மெதுவாக நடக்குமாயின் அதை யார் பார்ப்பது, எதைக் கொண்டு பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அப்படி நடப்பது உண்டு. ஸார்கோமாவுக்கு முற்றிலும் வேறான ஜாதியைச் சேர்ந்த அந்த நோய்க்கு நுரையீரல் லிம்போமா என்று பெயர். நம் உடலில் இரத்தத்தோடும் நிணநீரோடும் சதா சஞ்சரித்துக் கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களுள் லிம்போசைட் என்ற ஒரு வகை, தன் கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதே லிம்போமா. பெரும்பாலும் அது கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டினாற்போல் வெளிப்படும். நெறிகளை விட்டு நேரே நுரையீரலிலேயே அது பிறப்பது மிக அபூர்வம்; நுரையீரலில் காணும் புற்றுநோய்களை எல்லாம் கூட்டினால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே அது வரும். அந்த அபூர்வத்திலும் பெரும்பகுதியாக இருப்பது மால்ட் லிம்போமா. பீட்டர் ஐஸக்ஸன், டென்னிஸ் ரைட் என்ற, இங்கிலாந்தில் பணிபுரிந்த இரண்டு நோய்க்குறியியல் அறிஞர்கள் 1983-இல் இதன் குணத்தை முதலில் வகுத்துக் கூறினார்கள். வயிறு, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணைச் சூழ்ந்த பகுதி, சுவாசக் குழல் ஆகிய ஈரப்பசையுள்ள உட்படலங்களைக் காத்து நிற்கும் லிம்போசைட்டுகளிலிருந்து இது தோன்றுகிறது. விசேஷம் என்னவென்றால், வளர்ந்த மனிதரின் ஆரோக்கியமான நுரையீரலில் இத்தகைய நிணத் திசு சாதாரணமாகக் கிடையாது. நீண்ட நாள் அழற்சியோ, தன் உடலையே தான் தாக்கும் ஷோக்ரன் போன்ற வியாதியோ அதை அங்கே வரவழைக்கிறது. காவலுக்கு வந்த கூட்டம் ஓயாத தூண்டுதலால் பெருகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தூண்டுதல் இல்லாமலேயே பெருகக் கற்றுக்கொள்கிறது.

ஐம்பது, அறுபது வயதினரிடையே இது அதிகம். நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை எந்த உபாதையும் அறியாதவர்கள். வேறொரு ரண சிகிச்சைக்கு முன்னோ, வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையிலோ எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தென்பட்டு, அதனால் இழுபட்டு வருபவர்கள். மற்றவர்களுக்கும் நாள்பட்ட இருமல், சிறிது இளைப்பு, எப்போதாவது காய்ச்சல், அவ்வளவே. நம் நாட்டில் நெஞ்சில் நிழல் என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது க்ஷயரோகம். அது நியாயமும்கூட, க்ஷயம் இங்கே அவ்வளவு மலிந்திருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக மருந்தாராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுத்திருந்து மருந்து உண்பவருக்கும் தம் வீட்டில் இருந்தபடியே உண்பவருக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்று 1959-இல் உலகுக்கு நிரூபித்ததும் இந்த மலிவின் காரணமாகவே. தமிழர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளத்தக்க காரியம் அது. ஆயினும் சளியில் கிருமி காணப்படாமல், படத்தை மட்டும் நம்பி ஆறு மாத மாத்திரை தொடங்கப்பட்டவர்களுள், மாத்திரை முடிந்தும் நிழல் அசையாமல் நிற்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மறுபடியும் அதே மாத்திரையை எழுதுவதற்கு முன்னால், அந்த நிழல் வேறு எதுவாக இருக்கலாம் என்று ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்த யோசனையில் லிம்போமாவுக்கும் ஓர் இடம் உண்டு.

இனி அந்த நிழலையே சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். சி.டி. ஸ்கேன் படத்தில் காற்று கறுப்பாகவும் தசையும் நீரும் வெளுப்பாகவும் தெரியும். ஆகவே ஆரோக்கியமான நுரையீரல் கறுத்தே இருக்கும். மால்ட் லிம்போமா பற்றிய பகுதியில், காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளை லிம்போசைட்டுகள் நிரப்பிவிடுவதால், அவ்விடம் வெளுத்துக் கெட்டிப்படுகிறது. ஆனால் சாதாரண நுரையீரல் புற்று பலபோது செய்வதைப்போல இது சுவாசக் குழல்களை நெரித்து அடைப்பதில்லை. குழல்களையும் இரத்தக் குழாய்களையும் சூழ்ந்துள்ள நிணப் பாதைகளின் வழியே பரவி, குழலைத் திறந்தபடியே விட்டுவைக்கிறது. சில சமயம் சற்று விரித்தும் விடுகிறது. எனவே அந்த வெளுத்த திட்டின் நடுவே காற்றுள்ள குழல்கள் கறுத்த கிளைகளாகப் பிரிந்து பிரிந்து ஓடுவது, சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் இலையுதிர்ந்த மரத்தின் நிழல் விழுந்தாற்போல், தெளிவாகத் தெரியும். நரம்பு வழியே சாய மருந்து ஏற்றிப் படமெடுத்தாலோ, அதே திட்டின் ஊடாக இரத்தக் குழாய்கள் வளைவு நெளிவின்றித் தம் இயல்பான போக்கிலேயே செல்வதும் புலப்படும். திட்டின் ஓரம் வெட்டினாற்போல் முடியாமல், மங்கிய புகை மூட்டமாகச் சுற்றிலும் கரையும். சிலருக்கு ஒரே திட்டு. பலருக்கு இரு நுரையீரலிலும் பல திட்டுகளும் முடிச்சுகளும் கலந்து இருக்கும்.

இவற்றில் எதுவும் லிம்போமாவுக்கே உரிய தனிச்சொத்து அன்று. நிமோனியாவிலும் இதே கறுத்த கிளைகள் உண்டு, சளியைச் சுரக்கும் ஒருவகை நுரையீரல் புற்றிலும் உண்டு, க்ஷயத்திலும் உண்டு. படத்தில் பேதம் காட்டுவது பெரும்பாலும் காலமே. நிமோனியா வாரங்களில் கரைகிறது. க்ஷயம் மருந்துக்கு மாதங்களில் பின்வாங்குகிறது. மால்ட் லிம்போமாவோ கரைவதும் இல்லை, ஓடி வளர்வதும் இல்லை. மாதங்களிலும் ஆண்டுகளிலுமாக மில்லிமீட்டர் கணக்கில் நகர்கிறது. இவ்வளவு நாள் இருந்தும் நோயாளி நன்றாகத்தானே இருக்கிறார் என்பது வைத்தியரை ஏமாற்றும் சமாதானமாகவும் ஆகலாம், சந்தேகத்தைக் கிளப்பும் துப்பாகவும் ஆகலாம்.

சிகிச்சைக்கு இந்த நோய் நன்றாகவே கட்டுப்படும். ஒரே இடத்தில் இருந்தால் அறுத்தெடுப்பது, குறைந்த அளவில் கதிர்வீச்சுக் கொடுப்பது, பரவியிருந்தால் 1997 முதல் உபயோகத்துக்கு வந்த ரிடுக்ஸிமாப் என்ற ஊசி மருந்து, அதனோடு சேர்ந்த வேறு மருந்துகள், உபாதையே இல்லாத சிலருக்கு மருந்தின்றிக் கவனித்து வருவது என்று வழிகள் பல. ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு இடிந்துபோகும் குடும்பத்துக்கு இந்த எண்ணை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இவ்வளவு சாதுவாகத் தோன்றும் இதே நோய்க்குத் திரும்பி வரும் குணம் மிகுதி. அதுவும் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து, நோயாளி ஆஸ்பத்திரி வாசலையே மறந்துவிட்ட பிற்பாடு திரும்பி வரும் குணம்.

ஏன் திரும்புகிறது? மகரிஷியின் கையில் எழுந்த ஸார்கோமா திரும்பியது, விளிம்பில் எஞ்சிய அணுக்களால். அறுத்த இடத்திலேயே எழுந்தது; சொற்ப காலத்திலேயே எழுந்தது. லிம்போமாவின் கதை அப்படியன்று. லிம்போசைட் இயல்பிலேயே யாத்திரை செய்யும் அணு. உட்படலத்தில் பிறந்து, நிணநீரில் கலந்து, இரத்தத்தில் ஏறிச் சுற்றி, மறுபடியும் ஏதேனும் ஓர் உட்படலத்தைத் தேடிச் சேர்வது அதன் ஸ்வபாவம். கெட்டுப்போன பிறகும் அந்த ஸ்வபாவம் அதை விட்டுப் போவதில்லை. ஆகவே வலது நுரையீரலின் நடுமடலில் தோன்றி அகற்றப்பட்ட நோய், சில ஆண்டு கழித்து இடது நுரையீரலில் தோன்றலாம். நுரையீரலையே விட்டு வயிற்றிலோ உமிழ்நீர்ச் சுரப்பியிலோ கண்குழியிலோ தோன்றலாம். தவிரவும், முதலில் அந்தக் கூட்டத்தை வரவழைத்த தூண்டுதல் நீங்காதிருந்தால் கூட்டம் மீண்டும் சேரும். வயிற்றில் வரும் மால்ட் லிம்போமாவுக்குக் காரணமாகிய ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்தால் லிம்போமாவே பலருக்குக் கரைந்துவிடும் என்று 1993-இல் கண்டறிந்தது வைத்திய சரித்திரத்தின் அழகிய அத்தியாயங்களுள் ஒன்று. நுரையீரலுக்கு அத்தகைய ஒற்றைக் கிருமி ஒன்றும் நிச்சயமாகக் கையில் அகப்படவில்லை. அதனால்தான் அங்கே மீட்சியைத் தடுப்பதைவிட மீட்சியைக் காலத்தில் கண்டுகொள்வதற்கே இடம் அதிகம்.

மீண்டு வந்த நோய் படத்தில் எப்படி இருக்கும்? முன்பு இருந்த அதே சாயலில், கறுத்த கிளைகளோடு கூடிய வெளுத்த திட்டாக இருக்கலாம். முன்பு திட்டாக இருந்தது இப்போது சிறு முடிச்சுகளாக வரலாம். மங்கிய மூட்டமாக மட்டும் தொடங்கலாம். இதோடு நின்றால் கஷ்டம் இல்லை. ஆனால் சிகிச்சையே விட்டுச் சென்ற தழும்புகளும் அதே படத்தில் குடியிருக்கின்றன. அறுத்த இடத்தில் தையலை ஒட்டி ஒரு வெளுத்த கோடு. கதிர்வீச்சு பட்ட இடத்தில், கதிரின் ஓரத்தைப் பின்பற்றி நேர்க்கோடாக முடியும் ஒரு கெட்டித் தழும்பு. எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மருந்து ஏற்றிக்கொண்டவரிடம் புதிதாக வரும் கிருமித் தொற்று. மருந்தினாலேயே வரும் நுரையீரல் அழற்சி. நம் ஊரில் கேட்க வேண்டுமா, உறங்கிக் கிடந்த க்ஷயம் விழித்துக்கொள்வது. இவற்றுள் எது பழைய தழும்பு, எது புது வரவு, எது மீண்ட நோய் என்று ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எத்தகைய நிபுணரும் அறுதியிட முடியாது.

இங்கேதான் பழைய படத்தின் அருமை தெரிகிறது. அதிலும் மிகப் பழைய படத்தின் அருமை. ஒரு திட்டு சென்ற ஆண்டு 22 மில்லிமீட்டர் இருந்தது, இந்த ஆண்டு 23 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் என்பது அளப்பவர் கை சற்றுத் தள்ளிக் கோடு போட்டால் வருகிற பேதம். மூச்சைச் சற்றுக் குறைவாக இழுத்து நிறுத்தினாலும் வருகிற பேதம். ஆகவே மாற்றமில்லை என்றே அறிக்கை எழுதப்படும். அது பிழையும் அன்று. அடுத்த ஆண்டு 25. அதற்கும் முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படியே ஐந்து முறை மாற்றமில்லை, மாற்றமில்லை என்று நியாயமாகவே எழுதப்பட்ட பிறகு, ஆறாவது படத்தை எவரேனும் முதல் படத்தின் பக்கத்தில் வைத்தால், 22 என்பது 31 ஆகியிருக்கக் காண்பார். மெதுவாக நகரும் நோயை நேற்றைய படம் காட்டாது. முதல் படமே காட்டும். அனுபவமுள்ள ஊடுகதிர் வைத்தியர்கள் இதனாலேயே, கையில் கிடைத்த முந்திய படத்தோடு திருப்தியடையாமல், இவருக்கு முதன்முதலில் எடுத்த ஸ்கேன் எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது எங்கள் ஜில்லாவில் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அடி அண்ணாமலையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள ஒருவருக்கு நெஞ்சில் நிழல் கண்டால், முதல் படம் திருவண்ணாமலை நகரில் எடுக்கப்படும். அடுத்த படம் வேலூரிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ. சிகிச்சை ஒருவேளை சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெருமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தில். ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஒரு படம், புதிதாக ஓர் உறை. வீட்டுப் பரணில் அந்த உறைகள் கோடை வெயிலின் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, பழசு எதற்கு என்று பாரத்தைக் குறைத்துக் கடைசி உறையை மட்டும் எடுத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. பெரிய ஃபிலிம் தாளில் கட்டம் கட்டமாக அச்சாகியிருப்பவை, எடுத்த நூற்றுக்கணக்கான குறுக்கு வெட்டுகளிலிருந்து பொறுக்கிய சிலவே. முழு வரிசையும் உறையோடு கொடுக்கும் அந்த மெல்லிய குறுந்தட்டில்தான் இருக்கிறது. அந்தத் தட்டையோ, கணினி இல்லாத வீட்டில் இது எதற்கு என்று குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது காக்கை விரட்ட வயலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒரு மனிதருடைய ஐந்து வருஷ நோய்ச் சரித்திரம் அப்படிக் காற்றில் ஆடிக்கொண்டிருக்க விடலாகாது. முதல் தட்டின் உறைமேல் தேதியை எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வைக்க வேண்டும். வைத்தியரிடம் போகும்போதெல்லாம், அவர் கேட்காவிட்டாலும், அதை மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டும்.

நுரையீரல் லிம்போமாக்களுள் இன்னும் அபூர்வமான ஒன்று, இந்த மெது நடைக்கு நேர் மாறாக நடந்துகொள்ளும். ஏவெரில் லீபோ என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய சகாக்களும் 1972-இல் விவரித்த லிம்போமாட்டாய்ட் கிரானுலமடோசிஸ் என்பது அது. 1964-இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டைன்-பார் வைரஸ் புகுந்த அணுக்களால் உண்டாவது. இரு நுரையீரலிலும், பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், உருண்டை முடிச்சுகள் பலவாகத் தோன்றும். சில வாரங்களில் ஒன்று சுருங்கும், ஒன்று மறையும், முன்பு ஒன்றும் இல்லாத இடத்தில் வேறொன்று எழும். மருந்தே கொடாமலும் சில மறைவதால், நோயாளிக்குக் குணமாகிவிட்டதென்ற எண்ணம் பிறக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த படம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கக்கூடும். இங்கே இரண்டு படங்கள் போதா. வரிசையாகப் பல படங்களை அடுக்கி வைத்தால்தான் அந்த முடிச்சுகளின் இடமாற்றமே அடையாளம் என்பது விளங்கும்.

மால்ட் லிம்போமா திரும்பி வருகையில் அஞ்சத்தக்க ரூபம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டு ஊர்ந்து வந்த திட்டு, திடீரென்று சில வாரங்களில் இரட்டிப்பாகுமானால், அல்லது காய்ச்சலும் எடைக்குறைவும் கூடினால், அது வேகமுள்ள பெரிய அணு லிம்போமாவாக உருமாறியிருக்கலாம். சர்க்கரையோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில், சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடம் பிரகாசமாக ஒளிரும். உருமாறிய நோய் அப்படி ஒளிரும். உருமாறாத மெது நோயோ சில சமயம் மங்கலாகவே தெரியும். ஆகவே பெட் ஸ்கேனில் ஒளி இல்லை என்பதை மட்டும் கொண்டு நோய் இல்லையென்று ஆறுதல் அடைவது சரியன்று. ஒளிர்வதெல்லாம் லிம்போமாவும் அன்று. க்ஷயமும் நன்றாக ஒளிரும். எங்கே ஊசி போட்டுத் தசை எடுப்பது பயன்தரும் என்று சுட்டிக்காட்டுவதே அந்தப் படத்தின் பெரிய உபகாரம்.

முடிவில் தசை எடுத்தே ஆகவேண்டும். 1949 மார்ச்சில் நுண்ணோக்கியின் கீழ் வைத்த அந்தத் துணுக்குதான் மகரிஷியின் கட்டி இன்னதென்று சொல்லிற்று. இத்தனை யந்திரங்கள் வந்த பிறகும் அந்த நியதி மாறவில்லை. முன்பே ஒருமுறை பயாப்சி செய்து லிம்போமா என்று தெரிந்துவிட்டதே, மறுபடியும் எதற்கு என்று நோயாளி கேட்பது இயல்பு. ஊசி வலியும் செலவும் அவருடையவை. ஆனால் திரும்பி வந்தது பழைய மெது நோய்தானா, உருமாறிய வேக நோயா, அல்லது லிம்போமாவே அல்லாத க்ஷயமா என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் காத்திருக்கின்றன. க்ஷயமாக இருந்து, லிம்போமா என்று எண்ணி எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மருந்து கொடுத்துவிட்டால் விளைவு விபரீதமாகும்.

திரும்பி வந்தது பழைய மெது நோயே என்று தெரிந்தால் அது உயிருக்கு உடனடியான ஆபத்து என்று கொள்ள வேண்டியதில்லை. சிறிதாக, உபாதையின்றி இருப்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை படமெடுத்துக் கவனித்து வருவதே போதும் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அது கைவிடுதல் அன்று, அதுவும் சிகிச்சையின் ஒரு முறையே. வளர்ந்தால் முன்பு பயன்பட்ட மருந்தையே மறுபடியும் கொடுக்கலாம். முன்பு கொடாத இடத்துக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கலாம். நுரையீரலோடு நில்லாமல் வயிற்றையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்களையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக் கணக்கு முடிந்தது என்று இந்த நோயில் விடுதலைப் பத்திரம் எழுதுவதில்லை. முதல் சில ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையுமாகப் பார்வை தொடர்கிறது. அப்படிப் போகும் ஒவ்வொரு முறையும் கையோடு போகவேண்டியது, தேதி எழுதிய அந்த முதல் தட்டு.